வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க

என் கணவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது நான் முதலில் செய்த காரியம், அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தது. பீடியை விட்டுப் பல வருஷமாகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டிருந்தார் என்றுதான் நான் எழுத முடியும். சட்டையில் வியர்வை வாடையும் வயல் சேற்று வாடையும் இருந்தன. மூன்றாவதாக ஒன்று இருந்ததா இல்லையா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

“என்னாத்த மோந்து பாக்குற?” என்றார்.

“ஒண்ணுமில்ல. துவைக்கணுமான்னு பாத்தேன்.”

“போலீஸ் நாய்க்குக்கூட லீவு உண்டு,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கிற மனிதர் இல்லை அவர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் சந்தேகப் புத்திக்குப் பாதிக் காரணம் நான் பார்த்த உத்தியோகம். எடையளவு அலுவலகத்தில் இருந்தேன். இன்ஸ்பெக்டரோடு மீன் மார்க்கெட்டுக்கும் மளிகைக் கடைகளுக்கும் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கிற வேலை. கல்லின் மேலே எடை பளிச்சென்று பொறித்திருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இருக்க வேண்டிய ஈயத்தைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். பார்க்கிறவன் மேலே மட்டும் பார்த்தால் ஏமாந்தான். ஓய்வு பெற்ற பிறகும், யார் எதைச் சொன்னாலும் மனசுக்குள் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. மீதிக் காரணம் பிறவிக் குணம் என்று என் கணவர் சொல்வார்.

அவருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. பிறந்தது காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடி. என் வேலைக்காக டவுனை ஒட்டிய தலத்தெருவில் வீடு பார்த்துக்கொண்டு வந்த பிறகும் அவருடைய உயிர் வயலில்தான் இருந்தது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தம்பியோடு சேர்ந்து வயலைச் சுற்றிவிட்டு வெயில் ஏறிய பிறகுதான் வருவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதற்கு நாங்கள் இருவர்தான் இருந்தோம், அதைக் குறைவில்லாமல் செய்துவந்தோம்.

ஒருநாள் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் கண்ணை இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனார் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்து நேராகக் காரைக்கால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல இவ்வளவு நேரமா கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். திரையைக் காட்டி டாக்டர் சொன்னார்:

“இதயத்துலேருந்து ரத்தம் வெளியே போற வாசல்ல ஒரு வால்வு இருக்கும்மா. கதவு மாதிரி தெறந்து மூடும். வயசானதால அதுல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. முழுசாத் தெறக்க மாட்டேங்குது. வால்வை மாத்தணும்.”

சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் திரையைப் பார்க்கவில்லை, என் கணவரின் வாயைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலை போடுகிறவர். கொழுந்து வெற்றிலையைத் தொடையில் துடைத்து, நரம்பைக் கிள்ளி, கட்டைவிரலால் சுண்ணாம்பு தடவுகிற அழகைப் பார்க்க வேண்டும். எத்தனை வருஷத்துச் சுண்ணாம்பு!

“வெத்தலைச் சுண்ணாம்பா டாக்டர்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. இது உடம்புக்குள்ளேயே வர்றது.”

சம்பந்தம் இல்லை என்று அவர் அவ்வளவு வேகமாகச் சொன்னதே எனக்கு உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்பு டப்பாவை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். வெறும் வெற்றிலையையும் பாக்கையும் மென்றுகொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது.

காரைக்கால் டாக்டர் திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் அந்த ஆஸ்பத்திரி, வேறு ஊரில் இல்லையா, இவருக்கும் அவர்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்றெல்லாம் வழிநெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். அங்கே இருந்த இதய டாக்டருக்கு வயது குறைவு. அதுவும் ஒரு குறை. மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த இதயம் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார்.

“ஐயாவுக்கு இந்த வயசுல நெஞ்சைத் தெறக்க வேணாம்னு பாக்கறோம். தொடைப் பக்கம் சின்னதா ஒரு துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாவே புது வால்வை மேல கொண்டுபோய் வச்சிருவோம்.”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதியில்லையா? கோளாறு நெஞ்சில், வைத்தியம் தொடையிலாம். கொல்லைப்புறத்து ஓட்டை வழியாகப் போய் வாசல் கதவை மாற்றுகிறேன் என்று எந்தத் தச்சனாவது சொன்னால் நான் விடுவேனா?

“அந்த வால்வு எதுல செஞ்சது?” என்று கேட்டேன்.

“மாட்டோட இதயத்தைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்மா. அதைப் பதப்படுத்திச் செய்யறது.”

எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. இவர் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நாட்டு மாடா டாக்டர், சீமை மாடா?”

டாக்டர் சிரித்தார். “அது தெரியலீங்க ஐயா. வெளிநாட்டுலேருந்து வருது.”

“அப்பச் சீமை மாடுதான். வெயிலு தாங்காதே,” என்றார் என் கணவர் கவலையோடு.

டாக்டர் மறுபடியும் சிரித்தார். இவ்வளவு சுலபமாகச் சிரிக்கிற டாக்டரை நான் நம்பத் தயாராக இல்லை. “இதைச் செய்யாம விட்டா?” என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நேராகவே சொன்னார். இப்படியே விட்டால் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் தாண்டுவது சந்தேகம், அந்த வருஷங்களும் நல்லபடியாக இருக்காது என்றார். செய்யும்போதும் ஆபத்து உண்டு, பக்கவாதம் வரலாம், உயிருக்கே கேடு வரலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். அன்றைக்கு அவர் சொன்னதில் நான் கவிழ்த்துப் பார்க்காமல் நம்பிய பேச்சு அது ஒன்றுதான். கெட்ட செய்தியில் யாரும் ஈயத்தைச் சுரண்டுவதில்லை.

என் கணவர் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நானும் போட்டேன். காகிதத்தின் பின்பக்கத்தையும் நான் திருப்பிப் படிப்பதை அவர் பார்த்தார். “மாடு நம்மளக் கைவிடாது,” என்றார்.

அந்த நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதப்போவதில்லை. கொழுந்தனார் கூட இருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றோம். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தார். தொடையில் ஒரு கட்டு, அவ்வளவுதான். ஒரு வால்வை மாற்றியதற்கு இது அத்தாட்சியா? உண்மையிலேயே மாற்றினார்களா, இல்லை ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்களா என்று எனக்குள் ஓடியது.

மறுநாளே அவரை எழுப்பி நடக்கவைத்தார்கள். குறுவை அறுப்பு நேரம் என்பதால் கொழுந்தனார் அன்றே ஊருக்குத் திரும்பிவிட்டார். நான் மட்டும் துணைக்கு இருந்தேன். எங்கள் தெருவில் ஒருவர் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டு அரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவர் அதற்குள் நர்ஸோடு உளுந்து விலை பேசிக்கொண்டிருந்தார். எங்கேயோ இடிக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், அதற்கடுத்த நாள் காலையில் டாக்டர் வந்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றால், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் கொடுங்க என்பார்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் சொன்னார்கள். அவர் கெண்டைமீன் குழம்பு கேட்டார். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் போய்விட்டார். அந்தக் குழம்பை வைத்தவள் நான்.

இரண்டாம் பாதியைச் சொல்கிறாரா பார்ப்போம் என்று, “சாப்பிட என்னா கொடுக்கலாம் டாக்டர்?” என்று கேட்டேன்.

“அவருக்கு என்ன பிடிக்குதோ கொடுங்க,” என்றார்.

அதற்குப் பிறகும் அவர் ஏதோ பேசினார். உப்பு என்றார், மாத்திரை என்றார், ஒரு மாதம் கழித்து வந்து காட்டச் சொன்னார். என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஆறுதலுக்குச் சொல்லத்தானே செய்வார்கள். நர்ஸ் கொடுத்த காகிதத்தில் நோயாளி நலமாக இருக்கிறார் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எடைக்கல்லிலும்தான் ஒரு கிலோ என்று பொறித்திருக்கும். டாக்டரைத் தனியே நிறுத்தி, ‘உண்மையைச் சொல்லுங்க’ என்று கேட்டிருக்கலாம். எதையும் கேட்டுவிடுகிற எனக்கு அன்று கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது.

நடைபாதைக்கு வந்து கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

“தம்பி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிப்புட்டாங்க.”

அந்தப் பக்கம் வயலில் அறுப்பு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“பிடிச்சதைக் கொடுக்கச் சொன்னாங்களா அண்ணி?”

“சொன்னாங்க.”

“சரிங்க அண்ணி. நீங்க பதறாம வாங்க. நான் பாத்துக்கறேன்.”

சொந்தத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அவர்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பார். அவர் ‘பாத்துக்கறேன்’ என்றால் எதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், “கார் வந்துட்டுது, கெளம்புங்க,” என்றேன்.

காரில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியில் தெரிகிற வயலையெல்லாம் விமர்சனம் செய்துகொண்டு வந்தார். இவன் தண்ணீரைக் கட்டிவிட்டான், அவன் நாற்றைப் பழுக்கவிட்டுவிட்டான் என்று ஒரே பேச்சு. பல மாதமாக இவ்வளவு நீளமாக மூச்சு வாங்காமல் அவர் பேசிக் கேட்டதில்லை. அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுதான் எனக்கு நினைவு வந்தது.

தஞ்சாவூர் தாண்டி ஒரு கடையில் காப்பி வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். லேசாகச் சர்க்கரை உள்ளவர் என்பதால் வீட்டில் அரைக் கரண்டிக்கு மேல் போட மாட்டேன். அன்றைக்குக் கடைக்காரர் போட்டதை அப்படியே கொடுத்தேன். வடை கேட்டார், இரண்டு வாங்கினேன். அல்வாவை வெறுமனே திரும்பிப் பார்த்தார், அதையும் வாங்கினேன். திருவாரூரில் காரை நிறுத்தச் சொல்லி, நானே இறங்கிப் பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வாயில் போடப் போனவர் நிறுத்தி, வெற்றிலையைப் பிரித்துப் பார்த்தார்.

“சுண்ணாம்பு தடவியிருக்கு.”

“ம்.”

“நீதான் தடவச் சொன்னியா?”

“ம்.”

அவர் அதைப் போடவில்லை. மறுபடியும் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். வயல் விமர்சனம் நின்றுபோனது. இத்தனை வருஷம் நான் அவரை வேவு பார்த்தேன். இப்போது அவர் என் முகத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்து, நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கார் நாகூரைத் தாண்டியது.

கீழவாஞ்சூரில் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றதால் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

“ஏண்டி, டாக்டரு ஏதாச்சும் சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

“நீ பொய் சொன்னா உன் காது செவந்துபோவும்.” என் கைமேல் தன் கையை வைத்தார். “சரி, விடு. நான் ஒண்ணு சொல்லிடறேன். மனசுல வச்சுக்கிட்டுப் போகக் கூடாது. பீடி… நான் முழுசா விடல. வயலுக்குப் போனா ஒண்ணு. தம்பி பம்புசெட்டுக் கொட்டகையில வச்சிருப்பான். முடிச்சுட்டுக் கொத்தமல்லிய மென்னுட்டு வருவேன்.”

வேறு நாளாக இருந்தால் காரை நிறுத்தி இறங்கியிருப்பேன். மூன்றாவது வாடை! நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்த அந்த நேரத்தில், என் வாழ்க்கையில் முதல்முறையாக, என் சந்தேகம் பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. “போனாப் போவுது. உங்களவிடப் பீடியா பெரிசு?” என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் வெளுத்துவிட்டது. நான் பீடியை மன்னித்துவிட்டேன் என்றால் அவர் வேறென்ன நினைப்பார்?

தலத்தெருவில் எங்கள் தெரு திரும்பியபோது வாசலில் சாமியானா போட்டிருந்தது. நீல நாற்காலிகள், அவற்றில் வரிச்சிக்குடி ஜனம் பாதி. ஒரு சின்ன வேனிலிருந்து ஐஸ் பெட்டியை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் கொழுந்தனாரின் மனைவி தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, “எங்கள வுட்டுட்டுப் போனீங்களே மச்சான்!” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

என் கணவர் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சாமியானாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சத்தமெல்லாம் ஒரேயடியாக அடங்கிவிட்டது. அவர் தம்பியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“யாருடா தவறிட்டா?”

கொழுந்தனார் அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டு, தொடைக்கட்டு நினைவு வந்து பயந்துபோய் விலகிக்கொண்டார். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்கன்னு அண்ணி சொன்னாங்க,” என்றார்.

“ஆமா, சொன்னாங்க. நல்லாயிடுச்சு, அதான் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க,” என்றார் என் கணவர். சொல்லி முடித்துவிட்டுத்தான் தன் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காப்பி, அல்வா, சுண்ணாம்பு, பீடி எல்லாம் வரிசையாக அவருக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. “அடிப்பாவி,” என்றார். நான் அங்கேயே, தெருவில், எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அழுதேன். அவர் நீல நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். ஐஸ் பெட்டியை வேனில் திரும்ப ஏற்றினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்துத் திருச்சிக்குப் போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, புது வால்வு நன்றாகத் திறந்து மூடுகிறது என்று திரையில் காட்டிவிட்டு, “போயிட்டு வாங்கம்மா,” என்று வார்த்தையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

இப்போது அவர் பழையபடி வயலுக்குப் போய்வருகிறார். ஆனால் எங்கள் வீட்டில் சந்தேகம் கை மாறிவிட்டது. காப்பியில் சர்க்கரை ஒரு துளி கூடிவிட்டால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “டாக்டரு போன் பண்ணாரா?” என்கிறார். நான் கொஞ்சம் கனிவாகப் பேசினால் போதும், கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். நான் திட்டுகிற நாளில்தான் அவருக்குச் சோறு இறங்குகிறது.

போன வாரம் மழையில் நனைந்துகொண்டு வயலிலிருந்து வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, ஓர் இடத்திலும் நிற்காமல், மூச்சு வாங்காமல், விறுவிறுவென்று படியேறி வந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னை மீறி அவர் நெஞ்சில் கையை வைத்துவிட்டேன். ஈரச் சட்டைக்குள் அது நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னா? என்னா சொன்னாங்க?”

சொல்ல எவ்வளவோ இருந்தது.

“யாரும் ஒண்ணும் சொல்லல. சட்டையைக் கழட்டுங்க. பீடி நாத்தம் கொடலைப் புடுங்குது.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். முகர்ந்து பார்த்தேன். மழை வாடை மட்டும்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.